சல்லடையில் நின்ற மீன்

மனிதன் நோயில்லாமல் வாழ வேண்டும் என்பதில் அரசாங்கத்துக்கும் மனிதனுக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. எப்படி என்பதில்தான் அவ்வப்போது சுற்றறிக்கை வரும். போன ஐப்பசியில் போடிநாயக்கனூருக்கு வந்த சுற்றறிக்கை ஒரு நல்ல செய்தியைச் சொன்னது. ஆற்றிலும் குளத்திலும் தானாக வளர்ந்த மீனையும், தவிடு நீக்காத முழு தானியத்தையும் தின்றால் இதயம் சீராகும், கொழுப்பு குறையும், சர்க்கரை அடங்கும். ஆகவே மேற்படி உணவை மேற்படி மக்கள் மேற்படி முறையில் உட்கொள்வதை உறுதி செய்ய வட்டாரந்தோறும் ஒரு குழு அமைக்கப்பட வேண்டும். இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதனால்தான் சேதம் இவ்வளவு ஆனது.

குழுவுக்குத் தலைமை தாங்க ராம்பிரசாத் என்ற அலுவலர் வந்து சேர்ந்தார். அவருடைய பொறுப்பு தரிசு நிலம். மீனும் தானியமும் கூடுதல் பொறுப்பு. நல்ல மனிதர், கோபப்படவே மாட்டார், எதைச் சொன்னாலும் எழுத்தில் கேட்பார். குழுவில் 'ஆரோக்கியத்தில் அக்கறை கொண்ட ஊர்ப் பெரியவர்கள்' இடம்பெற வேண்டும் என்று இருந்ததால், எங்கள் நடைப்பயிற்சிச் சங்கத்தை அவர் அப்படியே தூக்கிக்கொண்டார்.

எங்களைவிட ஆரோக்கியத்தில் அக்கறை கொண்டவர்கள் போடியில் இல்லை என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்வேன். விடியுமுன் எழுந்து கைவீசி நடப்போம். நடந்த களைப்புக்கு நெய் ரோஸ்ட்டும் உளுந்த வடையும் சாப்பிடுவோம். சாப்பிட்ட குற்றத்துக்கு மாத்திரை போடுவோம். சங்கத்தில் சேரச் சர்க்கரை நோய் இருக்க வேண்டும் என்று விதி எதுவும் கிடையாது. இல்லாதவர் யாரும் சேர்ந்ததில்லை, அவ்வளவுதான். தலைவர் காசிமாயன், ஏலக்காய் மொத்த வியாபாரி. நான் அவருக்கும் இன்னும் சிலருக்கும் காய் பார்த்துக் கொடுக்கும் தரகன். ஏலத்தில் எங்கள் முன்னால் சாம்பிள் பை வரும். பிரித்துத் தட்டில் கொட்டி, உருட்டி, முகர்ந்து, ஒன்றைக் கடித்துத் துப்பி, இது இன்ன விலை போகும் என்று சொல்லிவிடுவோம். உலகத்தில் உள்ள சகல பொருளையும் இப்படியே அளந்துவிடலாம் என்பது எங்கள் ஊரின் அசைக்க முடியாத நம்பிக்கை. பெண் பார்க்கப் போன இடத்தில்கூடக் காசிமாயன் காபியை முகர்ந்துவிட்டுத்தான் பெண்ணை நிமிர்ந்து பார்த்தாராம்.

குழுவின் முதல் தீர்மானம், மீனும் தானியமும் கிடைக்கும் 'இயற்கை நல்வாழ்வு உணவு மையம்' ஒன்றைத் திறப்பது. இடம் தேடினோம். பஸ் நிலையத்துக்குப் போகும் ரோட்டில் ஒரு வாகை மரம், நல்ல நிழல், ஆள் நடமாட்டம். அங்கே ஏற்கெனவே முத்துப்பேச்சி மீன் விற்றுக்கொண்டிருந்தாள்.

முத்துப்பேச்சியின் புருஷன் சோலை, கண்மாய்க் குத்தகைக்காரரிடம் வலை வீசப் போகிறவன். கூலிக்கு ஈடாக மீனாக வாங்கி வருவான். கெண்டை, கெளுத்தி, குரவை என்று அன்றைக்கு எது விழுந்ததோ அது. புதுத் தண்ணீர் வந்துவிட்டால் கண்மாய் வற்றும்வரை அயிரை. அதை மட்டும் அகலமான சட்டியில் உயிரோடு நீந்தவிட்டு உழக்கால் அளந்து கொடுப்பாள். விரல் நீளம்கூட இருக்காது, தலையோடு முள்ளோடு முழுசாகத் தின்கிற மீன். அந்த மர நிழலில் உட்கார்ந்துதான் அவள் ரெண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பிக்கொண்டிருந்தாள். அந்த இடம் போனால் வீட்டில் உலை கொதிக்காது. இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தே போனோம்.

நாங்கள் மையத்தின் பெயர்ப்பலகையோடு மரத்தடிக்கு வந்ததும் அவள் எழுந்து நின்றாள்.

"எனக்கா சார் போர்டு வைக்கப் போறீக?" என்று சந்தோஷமாகக் கேட்டாள்.

"உங்களுக்கேதான்," என்றார் ராம்பிரசாத். "நீங்கள் விற்பது இயற்கை மீன் என்று நிரூபித்தால் போதும். மையத்தில் மீன் விற்கும் உரிமை உங்களுக்கு."

"கண்மாய்ல கெடந்த மீனு சார். வேற எப்பிடி நிரூபிக்க?"

"கண்மாயில் விட்டது யார்?"

"கெண்டைக் குஞ்சைக் கவர்மெண்டு விட்டுச்சு."

ராம்பிரசாத் வருத்தத்தோடு தலையை ஆட்டினார். "அரசு விட்ட மீன் இயற்கை மீன் ஆகாது. அது அரசு மீன்."

"அயிரையை யாரும் விடலையே சார். அது புது வெள்ளத்துக்குத் தானா ஏறி வந்துச்சு."

"தானாக வந்தது என்பதற்கு ஆவணம் உண்டா?"

"தானா வந்ததுக்கு யாரு சார் எழுதி வச்சிருப்பா?"

"அதுதான் சிக்கல்," என்றார் அவர் பொறுமையாக. "ஆவணம் இருக்கும் மீன் இயற்கை மீன் இல்லை. இயற்கை மீனுக்கு ஆவணம் இல்லை. ஆவணம் இல்லாமல் நான் கையெழுத்துப் போட முடியாது."

அரசு இயந்திரம் இப்படி முட்டுச்சந்தில் நிற்கும்போது உதவிக்கு வருவதற்காகத்தான் தனியார் துறை என்று ஒன்று இருக்கிறது. காசிமாயன் தொண்டையைச் செருமினார்.

"சார், ஏலக்காய்க்கு நாங்க என்ன பத்திரமா பாக்குறோம்? எந்தக் காட்டுல வெளஞ்சுச்சு, யாரு பறிச்சான்னு ஒரு கேள்வி கெடையாது. சல்லடையில போடுவோம். எட்டு மில்லிக் கண்ணுல விழாம நின்னா மொதத் தரம். விழுந்தா கழிவு. சல்லடைக்குப் பொய் சொல்லத் தெரியாது சார்."

ராம்பிரசாத்தின் முகம் மலர்ந்தது. அளவு என்றால் எழுத்தில் கொண்டுவரலாம். 'இயற்கை மீனின் தரத்தை வட்டார மரபுவழி அளவீட்டு முறையில் உறுதி செய்தல்' என்று அங்கேயே நின்று சொன்னார். எங்களுக்கும் பெருமையாக இருந்தது. எங்கள் சல்லடைக்கு மரபு என்று ஒரு பெயர் இருப்பது அன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

தரப் பரிசோதனை அடுத்த திங்கட்கிழமை காசிமாயன் ஏலக்காய் அடுக்கிவைக்கும் கிட்டங்கியில் நடந்தது. முத்துப்பேச்சி சட்டி நிறைய அயிரை கொண்டுவந்தாள். நல்ல உயிர்த் துடிப்பான மீன், அதை இங்கே நான் ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். காசிமாயன் ஒரு கை அள்ளித் தட்டில் விட்டு, உருட்டப் பார்த்து, முகர்ந்து, பழக்க தோஷத்தில் ஒன்றைக் கடிக்கவும் போய்விட்டார். பிறகு மொத்தத்தையும் சல்லடையில் கவிழ்த்தார். ஒன்றுகூட நிற்கவில்லை. ஒவ்வொன்றும் சல்லடைக் கண்ணைத் தேடித் தலையைக் கொடுத்து நழுவிக் கீழே விழுந்தது. ஆட்கள் சிமெண்டுத் தரையில் குனிந்து பொறுக்கினார்கள்.

"கழிவு," என்றார் காசிமாயன்.

"மொதலாளி, அயிரைன்னா இம்புட்டுத்தான் இருக்கும்," என்றாள் முத்துப்பேச்சி. "இதுக்கு மேல வளந்தா அது அயிரையே இல்லை."

"அது அயிரையோட கொறை ஆத்தா, சல்லடையோட கொறை இல்லை."

அவள் கொண்டுவந்திருந்த கெளுத்தியும் குரவையும் சல்லடையில் நின்றன. ஆனால் ஒன்று குட்டை, ஒன்று நெட்டை, ஒன்று கறுப்பு, ஒன்று பழுப்பு. சாம்பிள் பையில் காய் ஒரே அளவாக, ஒரே நிறமாக இருந்தால்தான் எங்களுக்கு நிம்மதி. இரண்டு நிறம் கலந்திருந்தால் ஏதோ தில்லுமுல்லு என்றுதான் தொழிலில் பொருள். ஆகவே அதையும் ஒதுக்கினோம். காய் பார்க்கிறவன் என்ற முறையில் என்னிடமும் கருத்துக் கேட்டார்கள். 'கலப்படம் போல் தெரிகிறது' என்று நானும் சொன்னேன்.

அப்போதுதான் வினோத்குமார் உள்ளே வந்தான். காசிமாயனின் அக்கா மகன். தேவாரம் ஊர்ப் பக்கம் தொட்டி கட்டி மீன் வளர்க்கிறான். ஐஸ் பெட்டியைத் திறந்தான். உள்ளே ஜிலேபி மீன்கள் ஒரே நீளம், ஒரே எடை, ஒரே நிறத்தில் அடுக்காகப் படுத்திருந்தன. சல்லடையில் போட்டோம். எல்லாம் நின்றது.

"இவ்வளவு ஒழுங்கான மீனை நான் பார்த்ததில்லை," என்றார் ராம்பிரசாத். "தம்பி, இது இயற்கையாக வளர்ந்ததுதானே?"

"ஆமா சார். நேரத்துக்குத் தீவனம் போடுறதோட சரி. வேற எந்தத் தொந்தரவும் நாங்க குடுக்குறதில்லை."

தொந்தரவு இல்லாமல் வளர்வதுதான் இயற்கை என்று ராம்பிரசாத் விளக்கம் கொடுத்து, கையெழுத்துப் போட்டார். வாகை மரத்தடி வினோத்குமார் மீனுக்குப் போனது. முத்துப்பேச்சி சட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, "அப்ப நான் எங்க போய் உக்கார?" என்று கேட்டாள். அது கூட்டத்தின் பொருள் வரிசையில் இல்லாத கேள்வி.

அடுத்தது முழு தானியம். மலையடிவாரத்து விவசாயிகள் கொண்டுவந்த சாமையும் குதிரைவாலியும் பழுப்பாக, மங்கலாக, பார்க்கச் சகிக்காமல் இருந்தன. எங்கள் ஊரில் ஏலக்காயையே தேய்த்து, காம்பும் வாலும் நீக்கி, மினுமினுப்பாக்கித்தான் சபைக்குக் கொண்டுவருவோம். தேய்க்காத சரக்கை வெளியூர்க்காரன் முன்னால் வைப்பது வந்தவனை அவமதிப்பதற்குச் சமம். எனவே முழு தானியத்தை மில்லுக்கு அனுப்பி இரண்டு தடவை தீட்டி வாங்கினோம். முத்துப் போல வந்தது. மீனுக்கும் அதே மரியாதை செய்தோம். தலையும் வாலும் நீக்கி, தோலை உரித்து, 'முழு மீன்' என்ற பலகையின் கீழே வைத்தோம்.

ஒரு விவசாயி மட்டும், "தவுட்டுலதானய்யா சத்து" என்று முணுமுணுத்தார். ராம்பிரசாத் அவரை அலட்சியம் செய்யவில்லை. விசாரித்தார். தீட்டி எடுத்த தவிடு வினோத்குமாரின் தொட்டிக்குத் தீவனமாகப் போகிறது என்று தெரிந்தது.

"பிறகென்ன," என்றார். "சத்து எங்கேயும் போய்விடவில்லை. மீனுக்குப் போய், மீன் வழியாக நமக்கே திரும்பி வருகிறது."

இதைக் கேட்டுக் கைதட்டாதவர் இல்லை.

மையம் தையில் திறந்தது. நாடா வெட்டினோம், போட்டோ பிடித்தோம், வாட்ஸ்அப்பில் போட்டோம். போடியில் இயற்கை உணவு தின்னாதவன் மனுஷனே இல்லை என்று ஆகிவிட்டது. கல்யாண வீட்டில் சந்தித்தால் பிள்ளைகள் நலமா என்று கேட்பது நின்று, சாமையா தினையா என்று கேட்க ஆரம்பித்தோம். மீனை மரச்செக்கு எண்ணெயில் பொரித்துக் கொடுத்தார்கள். மரச்செக்கு எண்ணெய் என்பதால் எவ்வளவு குடித்தாலும் உடம்புக்கு ஒன்றும் செய்யாது. சீனி விஷம் என்பதால் சாமைப் பொங்கலில் சீனிக்குப் பதிலாக வெல்லம், கருப்பட்டி, தேன் மூன்றையும் போட்டார்கள். சீனி இல்லாத உணவு ஆகையால் நாங்கள் பயமில்லாமல் இரண்டு தட்டு சாப்பிட்டோம். இயற்கை உணவு சாப்பிடுகிறவனுக்கு நடை எதற்கு என்று மாசியில் நடைப்பயிற்சியையும் விட்டாயிற்று.

முத்துப்பேச்சி எங்கே போனாள் என்று அப்போது யாரும் கேட்கவில்லை. விடியற்காலையில் ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டுக்கு ஜீப்புகள் கிளம்புமே, அந்த இடத்தில் சட்டியோடு ஓரமாக நின்றாள். பெண்கள் ஜீப்பில் ஏறுகிற அவசரத்தில் உழக்கு உழக்காக வாங்கித் தூக்குச்சட்டியில் ஊற்றிக்கொண்டு மலையேறினார்கள். கழிவு என்று நாங்கள் பெயர் வைத்துவிட்டதால் விலையும் இறங்கிப்போயிருந்தது. மூன்றில் ஒரு பங்கு வருமானத்தில் அவள் வீடு நடந்தது. சின்னவளைப் பள்ளிக்கூடத்து வேனில் இருந்து நிறுத்தி நடக்கவிட்டாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். கேள்விப்பட்டபோது எனக்குச் சங்கடமாக இருந்தது. மையத்துக்குப் போனதும் அது சரியாகிவிட்டது.

சித்திரையில் குழு தன் சாதனையை அளக்க மருத்துவ முகாம் நடத்தியது. வாகை மரத்தடியிலேயே பந்தல். ரத்தம் எடுக்க அனுசியா என்ற நர்ஸ் வந்திருந்தாள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, மையத்தில் சாப்பிடாதவர்கள் சிலரும் வேண்டும் என்று ராம்பிரசாத் சொன்னார். விடுமுறை நாளாக இருந்ததால் ஜீப்பில் போகும் தோட்டத்துப் பெண்களைக் கூட்டி வந்தார்கள்.

முடிவைப் பார்த்து அனுசியா இரண்டு தடவை கண்ணாடியைத் துடைத்தாள். எங்கள் சங்கத்தில் ஒருவர் பாக்கியில்லாமல் சர்க்கரை ஏறியிருந்தது. கொழுப்பும் கூடவே ஏறியிருந்தது. தோட்டத்துப் பெண்களுக்கு எல்லாம் சரியாக இருந்தது.

"நீங்கள் என்ன சாப்பிடுகிறீர்கள்?" என்று ராம்பிரசாத் அவர்களிடம் கேட்டார்.

ரோஜா என்ற பெண் முன்னால் வந்தாள். பாதி நாள் இடுக்கிப் பக்கம் இருப்பதால் பேச்சில் மலையாளம் கலந்து வரும். "பேச்சியக்காகிட்ட வாங்குற அயிரைதான் சார். நல்லா கொள்ளாம். அப்புறம் ரேசன் அரிசியும், வீட்டுல குத்துன கேப்பையும். அதை மில்லுல தீட்ட யாருக்கு நேரம் இருக்கு?"

சுற்றறிக்கை சொன்னது உண்மைதான் என்று நிரூபணமாகிவிட்டது. ராம்பிரசாத் அன்றே குழுவைக் கூட்டினார். எனக்குக்கூட ஒரு நிமிஷம் நம்பிக்கை வந்தது.

"அயிரை மருந்து என்பது உறுதியாகிறது," என்றார் அவர். "ஆனால் பாருங்கள், அந்த மருந்து முழுவதும் நோயே இல்லாதவர்களுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. இது பொது வளத்தை வீணடிப்பது. நோயாளிகள் இங்கே தவிக்கிறார்கள்."

நாங்கள் தவித்தோம். தவிப்பது அதுவரை எங்களுக்கே தெரியாமல் இருந்தது.

தீர்மானங்கள் மளமளவென்று நிறைவேறின. ஜீப்பு நிற்கும் இடத்தில் அயிரை விற்கத் தடை. இனி அயிரை மையத்தில் மட்டும், சர்க்கரை இருப்பதாக மருத்துவச் சான்று உள்ளவர்களுக்கு மட்டும். சல்லடையின் கண்ணைச் சிறிதாக்கக் காசிமாயன் சம்மதித்தார். மையத்தில் அயிரை விற்கும் இடத்தை, நலத்திட்டத்தின் நோக்கத்துக்கு இணங்க, நோயாளிகளில் ஒருவருக்கே ஒதுக்க வேண்டும் என்றும் முடிவானது.

அயிரையை மறுபடி மரத்தடிக்கே கொண்டுவருகிறார்கள் என்று யாரோ சொல்லக் கேட்டு, முத்துப்பேச்சி வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தாள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"சார், நாளைக்கே சட்டியைக் கொண்டாந்துர்றேன். அதே எடந்தானே?"

"இடம் நோயாளிகளுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது அம்மா. உங்களுக்குச் சர்க்கரை உண்டா?"

"தெரியலையே சார். பாத்ததில்லை."

"பார்த்துவிடலாம். உங்களுக்கு ஒரு வாய்ப்புத் தராமல் இருக்கக் கூடாது."

அனுசியா அவள் விரலில் குத்தினாள். பந்தலில் எல்லோரும் கழுத்தை நீட்டிக்கொண்டு காத்திருந்தோம். முத்துப்பேச்சி கண்ணை மூடி, உதட்டுக்குள் ஏதோ வேண்டிக்கொண்டாள். கருவியைப் பார்த்த அனுசியாவின் முகம் தொங்கிப்போனது.

"நார்மலா இருக்குக்கா," என்றாள் மெதுவாக. "பிரஷரும் இல்லை. ஒண்ணுமே இல்லை."

"கொஞ்சங்கூடவா இல்லை?"

"கொஞ்சங்கூட இல்லைக்கா."

ராம்பிரசாத் உண்மையாகவே வருத்தப்பட்டார். இடத்துக்கு வேறு விண்ணப்பம் உண்டா என்று கேட்டார். காசிமாயன் தன் ரிப்போர்ட்டை மேசைமேல் வைத்தார். அப்படி ஒரு சர்க்கரை, வட்டாரத்தில் அவருக்கு ஈடு சொல்ல ஆள் கிடையாது. போட்டியின்றி இடம் அவருக்குப் போனது. சோலை பிடித்துவரும் அயிரையை அவரே மொத்தமாக வாங்கிக்கொள்வார் என்றும், விலை சல்லடையைப் பொறுத்தது என்றும் பேச்சு முடிந்தது.

முத்துப்பேச்சி நகரவில்லை. மரத்தை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தாள்.

"சார், எனக்குச் சக்கரை வந்துட்டா எடம் குடுப்பீகளா?"

"விதிப்படி அடுத்த ஆண்டு பரிசீலனையில் உங்களுக்குத்தான் முன்னுரிமை. நீங்கள்தானே பழைய ஆள்."

"எழுத்துல குடுங்க."

கொடுத்தார். இவ்வளவு வேகமாக அவர் எதையும் எழுத்தில் கொடுத்து நான் பார்த்ததில்லை. அவள் அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, நேரே மையத்தின் சாப்பாட்டு வரிசைக்குப் போனாள். அன்றைக்கும் சாமைப் பொங்கல், பொரித்த முழு மீன். ஒரு தட்டை எடுத்து முந்தானையால் துடைத்துக்கொண்டு, வரிசையில் எனக்குப் பின்னால் வந்து நின்றாள்.

நான் திரும்பிப் பார்க்காமல் இருக்க முயன்றேன். அவள் விடவில்லை. தோளைத் தொட்டு, ரகசியம் கேட்பதுபோல் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அண்ணே, உங்களுக்கு எத்தனை தட்டுல வந்துச்சு?"